மலையில் பிறந்த சைக்கிளுக்கு விடைகொடுக்கும் ஊர்

சான்ஃபிரான்சிஸ்கோ நகரிலிருந்து வடக்கே கோல்டன் கேட் பாலத்தைத் தாண்டினால் மரின் கவுன்ட்டி. 1937-ல் திறக்கப்பட்ட அந்தச் சிவப்புப் பாலத்தின் மேல் கோடைக்காலக் காலை நேரங்களில் மூடுபனி கொட்டிக்கிடக்கும். பாலத்தின் அக்கரையில் மலைகள் ஆரம்பமாகின்றன. அவற்றில் பெரியது டாமல்பைஸ் மலை. உயரம் 2,571 அடிதான். ஆனால், கடலுக்குப் பக்கத்திலேயே எழுந்து நிற்பதால் பார்வைக்கு இன்னும் பெரிதாகத் தெரியும். பெயரைக் கேட்டதும் தமிழோடு முடிச்சுப் போட மனசு துடிக்கும். வேண்டாம்! அது அந்த மண்ணின் பூர்வகுடிகளான கடற்கரை மீவோக் மக்களின் மொழியில் இருந்து வந்த சொல். 'மேற்கு மலை' என்று பொருள். உள்ளூர்க்காரர்கள் செல்லமாக 'டாம்' என்பார்கள்.

அந்த மலையின் வடக்கு அடிவாரத்தில் ஃபேர்ஃபாக்ஸ் என்று ஒரு சின்ன ஊர். ஏழாயிரத்துச் சொச்சம் பேர் வசிக்கும் இடம். ஞாயிற்றுக்கிழமை காலையில் போனால் கடைத்தெருவில் கார்களுக்குச் சமமாக சைக்கிள்கள் நிற்கும். முட்டி வரை புழுதி அப்பிய கால்களோடு காபி குடிக்கிறவர்களைப் பார்க்கலாம். இன்று நம் ஊர்ப் பள்ளி வாசல்களில் வரிசையாக நிற்கின்றனவே, தடித்த டயரும் நேரான ஹேண்டில்பாரும் கியரும் வைத்த சைக்கிள்கள்... அவற்றின் பூர்விகம் தேடிப் போனால் இந்த ஊருக்குத்தான் வந்து சேர வேண்டும். மவுன்டன் பைக் என்கிற மலை சைக்கிள் உருவெடுத்தது இந்த வட்டாரத்தில்தான்.

அப்போது அதைக் கையால் செய்தவர்களும், காத்திருந்து வாங்கியவர்களும் இருபது, முப்பது வயதுக்காரர்கள். இன்று அவர்களில் பெரும்பாலோர் எழுபதைத் தொட்டவர்கள் அல்லது தாண்டியவர்கள். சைக்கிள் அப்படியே இருக்கிறது. மிதிக்கிற முழங்கால்தான் பழசாகிவிட்டது. எனவே, இந்த மலையைச் சுற்றியுள்ள வீடுகளில் ஒரு கேள்வி எழுகிறது. உயிராக நேசித்த இந்த வண்டியை யாரிடம் கொடுப்பது?

இது சைக்கிள்காரர்களுக்கு மட்டுமான கேள்வி இல்லை. தாத்தாவின் வயலின், அம்மாவின் தையல் மிஷின், அப்பாவின் கேமரா என்று எந்த வீட்டிலும் எழுகிற கேள்விதான். ஆனால், டாமல்பைஸ் மலைக்கு இதில் ஒரு தனி அனுபவம் உண்டு. ஒருவர் கைவிட்டதை இன்னொருவர் எடுத்துப் பயன்படுத்தியதில்தான் அந்த மலையின் கதையே நகர்ந்திருக்கிறது.

ரயில் விட்டுப்போன பாதை

முதலில் கைவிடப்பட்டது ஒரு ரயில். 1896-ல் மில் வேலி என்ற ஊரிலிருந்து டாமல்பைஸ் உச்சிக்கு நீராவி ரயில் ஓட ஆரம்பித்தது. மொத்தம் 281 வளைவுகள். 'உலகிலேயே அதிகம் வளைந்து நெளியும் ரயில்' என்றுதான் அதற்கு விளம்பரம் செய்தார்கள். மேலே போக இன்ஜின் வேண்டும். கீழே வருவதற்கோ இன்ஜினே தேவைப்படவில்லை. 'கிராவிட்டி கார்' என்ற சிறிய பெட்டிகளில் பயணிகளை உட்கார வைத்து, ஒரு பிரேக்காரரை மட்டும் நம்பி மலையிலிருந்து உருட்டிவிடுவார்கள். பூமியின் ஈர்ப்பு விசையே இழுத்துக்கொண்டு வரும். செம்மரங்கள் வானைத் தொடும் மியூர் வுட்ஸ் காடு வரை அப்படியே இறங்கி வருவார்கள்.

சொந்தக் கார்கள் பெருகின. மலைக்குச் சாலை வந்தது. 1929-ல் பெரிய காட்டுத்தீ வேறு. 1930-ல் ரயில் நின்றுபோனது. தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பாதை மட்டும் மிச்சம். ரயிலுக்காக வெட்டிய பாதை என்பதால் ஏற்றம் மென்மையாக இருக்கும். இன்றும் நடப்பவர்களும் சைக்கிள்காரர்களும் உச்சிக்கு ஏறுவது அந்தப் பழைய ரயில் பாதையில்தான்.

அதோடு, காட்டுத்தீ அணைக்கும் வண்டிகள் போய்வருவதற்காக மலை முழுக்க மண் சாலைகள் போட்டார்கள். பெரும்பாலான நாட்களில் அவற்றில் ஒரு வண்டியும் வராது. இளவட்டங்களுக்கு இது போதாதா?

பழைய சாமான் கடையில் கிடைத்த வண்டி

இரண்டாவதாகக் கைவிடப்பட்டது ஒரு சைக்கிள். 1933-ல் சிகாகோவின் ஷ்வின் கம்பெனி, அகலமான 'பலூன்' டயர் வைத்த சைக்கிளை அமெரிக்கச் சந்தைக்குக் கொண்டுவந்தது. டயரின் அகலம் 2.125 அங்குலம். பேப்பர் போடும் பையன்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் அதை ஓட்டித் தள்ளினார்கள். கனத்த இரும்பு ஃப்ரேம். எதன்மேல் மோதினாலும் தாங்கும். பிள்ளைகள் வளர்ந்தார்கள், காருக்கு மாறினார்கள். சைக்கிள்கள் கொல்லைப்புறக் கொட்டகைகளுக்கும் பழைய சாமான் கடைகளுக்கும் போயின.

1970-களின் தொடக்கத்தில் மரின் பகுதி இளைஞர்கள் அவற்றைச் சில டாலர்களுக்கு வாங்கி வந்தார்கள். மட்கார்டு, கேரியர், அலங்காரத் தகடு என்று தேவையில்லாததை எல்லாம் கழற்றிப் போட்டார்கள். ஷ்வின்னின் 'எக்ஸெல்சியர்' மாடல் ஃப்ரேம் கிடைத்துவிட்டால் கொண்டாட்டம். மலைச்சரிவில் அது நிதானம் தவறாமல் இறங்கும் என்று அனுபவத்தில் கண்டுபிடித்திருந்தார்கள். இந்த வண்டிகளுக்கு 'கிளங்க்கர்' என்று பெயர். கடகட வண்டி என்று சொல்லலாம்.

இவர்களில் பலர் ரோட்டில் மெலிந்த டயர் ரேஸ் சைக்கிள் ஓட்டியவர்கள். கேரி ஃபிஷர், ஜோ பிரீஸ், சார்லி கெல்லி போன்றவர்களின் பெயர்கள் இன்று சைக்கிள் வரலாற்றில் இருக்கின்றன. 1974 டிசம்பரில் மில் வேலியில் நடந்த ஒரு போட்டிக்கு, கூபர்டினோ ஊரிலிருந்து ஒரு குழு வந்தது. அவர்கள் தங்கள் பழைய பலூன் டயர் வண்டிகளில் கியர் பொருத்தியிருந்தார்கள். அட, இப்படியும் செய்யலாமா என்று மரின்காரர்கள் பார்த்து வைத்துக்கொண்டார்கள். கியர் இருந்தால் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஏற வேண்டாம், மிதித்தே ஏறலாம். சீக்கிரமே ஃபிஷரின் வண்டியிலும் கியர் ஏறியது.

கிரீஸ் புகையாகிப்போன சரிவு

ஃபேர்ஃபாக்ஸுக்கு மேற்கே பைன் மலையிலிருந்து காஸ்கேட் பள்ளத்தாக்குக்கு இறங்கும் ஒரு மண் சாலை உண்டு. சுமார் இரண்டு மைல் தூரத்துக்குள் 1,300 அடி இறக்கம். நூறு அடி போனால் பன்னிரண்டு, பதினான்கு அடி கீழே போய்விடுவோம். உருளும் சரளைக்கல், மழைநீர் அறுத்த பள்ளங்கள், மறுபக்கம் தெரியாத வளைவுகள். அதன் பெயர் 'ரீபேக்'.

பெயர் வந்த கதை சுவாரஸ்யமானது. பழைய வண்டிகளில் பிரேக் பிடிக்க பெடலைப் பின்பக்கமாக மிதிக்க வேண்டும். பின்சக்கரத்தின் ஹப்புக்கு உள்ளேதான் பிரேக் இருக்கும். இந்தச் சரிவில் இறங்கும்போது கிட்டத்தட்ட முழு நேரமும் பிரேக்கை அழுத்திக்கொண்டே வர வேண்டியிருக்கும். ஹப் கொதிக்கும். உள்ளே இருக்கும் கிரீஸ் புகையாகப் போய்விடும். கீழே வந்ததும் ஹப்பைப் பிரித்து மறுபடி கிரீஸ் அடைக்க வேண்டும். மறுபடி அடைப்பதுதான் 'ரீபேக்'. அதுவே சாலையின் பெயராகவும் நிலைத்துவிட்டது.

யார் வேகமாக இறங்குவது என்ற வாய்ச்சண்டையைத் தீர்க்க 1976 அக்டோபர் 21 அன்று முதல் போட்டி நடந்தது. ஜெயித்தவர் ஆலன் பாண்ட்ஸ். கீழே விழாமல் வந்து சேர்ந்தவர் அவர் ஒருவர்தான்! பிறகு சார்லி கெல்லி முன்னின்று நடத்த, போட்டிகள் தொடர்ந்தன. ஒவ்வொருவராகக் கிளப்பிவிட்டு நேரம் பார்ப்பார்கள். கேரி ஃபிஷரின் 4 நிமிடம் 22 விநாடிதான் அந்தச் சரிவின் சாதனை. ஜோ பிரீஸுக்கு 4 நிமிடம் 24 விநாடி. இரண்டே விநாடி வித்தியாசம். நாற்பது வருடங்களுக்கு மேலாகியும் ஊரில் அந்த இரண்டு விநாடியைப் பற்றிப் பேசுகிறார்கள்.

ஆனால், பழைய ஃப்ரேம்கள் இந்த அடியைத் தாங்கவில்லை. வளைந்தன, முறிந்தன. கொட்டகைகளில் கிடைத்த பழைய வண்டிகளும் தீர்ந்துகொண்டே வந்தன. இனி புதிதாகத்தான் செய்ய வேண்டும் என்ற நிலை.

பத்தே பத்து வண்டிகள்

ஜோ பிரீஸ் 1953-ல் பிறந்தவர். 1974-ல் ஆல்பர்ட் ஐசன்ட்ராட் என்ற புகழ்பெற்ற ஃப்ரேம் கலைஞரிடம் வகுப்பில் சேர்ந்து, ரேஸ் சைக்கிள் ஃப்ரேம் செய்யக் கற்றுக்கொண்டவர். 1977-ல் சார்லி கெல்லி அவரிடம் வந்து, மலைக்கென்றே ஒரு ஃப்ரேம் செய்து தரும்படி கேட்டார். பிரீஸ் வேலையில் இறங்கினார்.

கையால் ஃப்ரேம் செய்வது பொறுமையைச் சோதிக்கும் வேலை. எஃகுக் குழாய்களை அளந்து வெட்ட வேண்டும். ஒரு குழாயின் முனை இன்னொரு குழாயின் வளைவில் இடைவெளி இல்லாமல் உட்காரும்வரை அரத்தால் அராவ வேண்டும். பிறகு எல்லாவற்றையும் ஒரு சட்டத்தில் இறுக்கிப் பிடித்து, பித்தளையை உருக்கிப் பற்றவைக்க வேண்டும். சூடு கூடினால் குழாய் பலவீனமாகும். குறைந்தால் ஒட்டு நிற்காது. ஒரு மில்லிமீட்டர் கோணல் இருந்தாலும் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும்.

அந்த வருட இலையுதிர் காலத்தில் முதல் வண்டி தயாரானது. குரோமோலி எனப்படும் உறுதியான எஃகுக் குழாய்கள், ஃப்ரேமின் இரு பக்கமும் தாங்கலாக ஓடும் இரட்டைக் குழாய்கள், பளபளக்கும் நிக்கல் முலாம். எடை சுமார் 17 கிலோ. பழைய கடகட வண்டிகளோடு ஒப்பிட்டால் அது இறகு மாதிரி. மலைக்கென்றே புதிதாகச் செய்த அந்த வண்டியின் பெயர் 'பிரீஸர் 1'. பிரீஸ் அதை எடுத்துக்கொண்டு ரீபேக் சரிவுக்குப் போனார். ஜெயித்தார். அடுத்த வருடத்துக்குள் மேலும் ஒன்பது வண்டிகளைச் செய்து முடித்தார். முதல் வரிசையில் மொத்தம் பத்தே பத்து.

இங்கேயும் ஒரு பிரிவு நடந்தது. இத்தனை நாள் மலையில் கூடவே வந்த பழைய ஷ்வின் வண்டிகள் மீண்டும் கொட்டகைக்குப் போயின.

தொழிற்சாலை வந்தது

1979-ல் ஃபிஷரும் கெல்லியும் சேர்ந்து 'மவுன்டன்பைக்ஸ்' என்ற பெயரிலேயே கடை போட்டார்கள். டாம் ரிச்சி கையால் செய்த ஃப்ரேம்கள், விலை சுமார் 1,300 டாலர். அந்தக் காலத்துக்கு அது பெரிய தொகை. வசதியுள்ளவர்களும் பைத்தியம் பிடித்தவர்களும்தான் வாங்கினார்கள். அதே காலத்தில் ஃபேர்ஃபாக்ஸில் சார்லி கன்னிங்ஹாம் அலுமினியத்தில் மலை சைக்கிள் செய்துகொண்டிருந்தார்.

1980-களின் தொடக்கத்தில் ஸ்பெஷலைஸ்டு கம்பெனியின் 'ஸ்டம்ப்ஜம்ப்பர்' வந்தது. ஜப்பானில் தொழிற்சாலையில் செய்து கப்பலில் வந்த வண்டி. விலை சுமார் 750 டாலர். கையால் செய்தவர்கள் மாதத்துக்குச் சில வண்டிகள் கொடுத்துக்கொண்டிருந்தபோது, தொழிற்சாலை ஆயிரக்கணக்கில் இறக்கியது. உலகமே மலை சைக்கிள் ஓட்ட ஆரம்பித்தது. 1996 அட்லான்டா ஒலிம்பிக்ஸில் அது ஒரு போட்டிப் பிரிவாகவே சேர்ந்துவிட்டது.

ஆனால், அது பிறந்த மலையிலேயே கட்டுப்பாடுகள் வந்தன. டாமல்பைஸ் மலையின் பெரும்பகுதி மரின் நகராட்சிக் குடிநீர் மாவட்டத்தின் நீர்ப்பிடிப்புப் பகுதி. நடப்பவர்களும் குதிரையில் வருபவர்களும் சைக்கிள் வேகத்தைக் கண்டு மிரண்டார்கள். ஒற்றையடிப் பாதைகளில் சைக்கிளுக்குத் தடை வந்தது. மண் சாலைகளில் மணிக்கு 15 மைல்தான் போகலாம் என்று விதி செய்தார்கள். ஆட்களைக் கடக்கும்போது 5 மைல். காட்டின் அமைதி நாடி வந்தவர்களுக்கும் மலையின் வேகம் நாடி வந்தவர்களுக்கும் இடையே பல வருடங்களாக நீடிக்கும் பஞ்சாயத்து அது. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது.

பிரீஸர் 1 ஊரைவிட்டுப் போனது

சரி, அந்த முதல் வண்டி என்ன ஆனது? பிரீஸ் அதைத் தன் வீட்டுச் சுவரில் மாட்டி வைத்துக்கொண்டிருக்கலாம். அவர் செய்தது, அவர் ஜெயித்தது. ஆனால், 1980-களிலேயே அது ஓக்லண்டில் இருக்கும் கலிஃபோர்னியா அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது. பிறகு அங்கிருந்து நாட்டின் மறுகோடியில், வாஷிங்டனில் இருக்கும் ஸ்மித்சோனியன் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. பிறந்த மலையிலிருந்து சுமார் 4,000 கிலோமீட்டர் தூரம்.

இன்று ஃபேர்ஃபாக்ஸின் மெயின் ரோட்டில் மரின் சைக்கிள் அருங்காட்சியகம் இருக்கிறது. 2015-ல் திறந்தது. 1988-ல் கொலராடோவின் கிரஸ்டட் பியூட் ஊரில் தொடங்கிய மலை சைக்கிள் புகழ் மன்றமும் இடம்பெயர்ந்து இதே கூரையின் கீழ்தான் இருக்கிறது. பெரிய முன்சக்கரம் வைத்த பத்தொன்பதாம் நூற்றாண்டு சைக்கிளில் ஆரம்பித்து, துருப்பிடித்த கடகட வண்டி, கைவேலை ஃப்ரேம் என்று வரிசையாகப் பார்த்துக்கொண்டே வரலாம். இந்த அருங்காட்சியகத்தின் காப்பாளர்களில் ஒருவர் யார் தெரியுமா? ஜோ பிரீஸேதான். தன் முதல் வண்டியை நாட்டுக்குக் கொடுத்துவிட்டு, மற்றவர்களின் வண்டிகளைக் காத்துக்கொண்டிருக்கிறார்.

அருங்காட்சியகத்துக்குக் கொடுப்பதில் ஒரு நிம்மதி உண்டு. வண்டி இனி துருப்பிடிக்காது, திருட்டுப்போகாது, பேரன் அதற்குப் பச்சை பெயின்ட் அடித்துவிட மாட்டான். ஆனால், ஒரு வலியும் உண்டு. அருங்காட்சியகப் பதிவேட்டில் ஏறிய வண்டியை அதன் பிறகு யாரும் ஓட்ட மாட்டார்கள். அந்த டயரில் இனி புழுதி படியாது. ஓடுவதற்கென்று செய்த பொருளை நிற்க வைத்துத்தான் காப்பாற்ற முடிகிறது.

யாரிடம் கொடுப்பது?

பிரீஸர் 1 மாதிரி வரலாற்றுப் புகழ் பெற்ற வண்டி எல்லோரிடமும் இருக்காது. ஆனால், 1970-களின் கடைசியிலும் 80-களிலும் கையால் செய்யப்பட்ட மலை சைக்கிள்கள் இன்னும் பல வீடுகளில் இருக்கின்றன. கேரேஜில் கொக்கியில் தொங்கும் அந்த வண்டியை இறக்கிப் பார்த்தால் சீட்டின் தோல் உரிமையாளரின் உடம்புக்கு ஏற்ப குழிந்திருக்கும். ஹேண்டில்பார் பிடியில் விரல் தேய்ந்த தடம் இருக்கும். ஃப்ரேமில் ஒரு சின்ன நசுங்கல். அது எந்த வளைவில் எந்தப் பாறையில் பட்டது என்று அவருக்கு மட்டும் தெரியும்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. கையால் செய்த ஃப்ரேமை வாங்குபவரின் கால் நீளம், கை நீளம் பார்த்து அளவெடுத்துச் செய்வது வழக்கம். அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி. ஆக, அதைக் கொடுக்க நல்ல மனசுக்காரர் கிடைத்தால் மட்டும் போதாது. தன் உயரத்திலேயே ஒருவர் கிடைக்க வேண்டும்! பாசமான மகள் இருப்பாள், அவளுக்குக் கால் எட்டாது. பேரன் ஆறடி வளர்ந்திருப்பான், அவன் முட்டி ஹேண்டில்பாரில் இடிக்கும்.

பழைய வண்டி ஓட்டவும் லேசானதில்லை. முன்னால் ஷாக் அப்சார்பர் கிடையாது. ஒவ்வொரு கல்லும் மணிக்கட்டில்தான் வந்து பேசும். பிரேக் பிடிக்கக் கையில் நல்ல பலம் வேண்டும். எழுபது வயதுக் கைக்கு அது சிரமம். அதனால்தான் நேற்றுவரை மலை இறங்கியவர் ஒருநாள் வண்டியைத் துடைத்து, எண்ணெய் விட்டு, யாருக்குக் கொடுக்கலாம் என்று யோசிக்க ஆரம்பிக்கிறார்.

அவருக்கு முன்னால் இருப்பவை மூன்று, நான்கு வழிகள்தான். அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கலாம். ஆனால், அவர்களிடம் இருக்கும் இடம் குறைவு, ஏற்கெனவே அதே மாதிரி வண்டி இருந்தால் வாங்கிக்கொள்ள மாட்டார்கள். சேகரிப்பாளருக்கு விற்கலாம். நல்ல விலை கிடைக்கும், பத்திரமாகவும் இருக்கும். ஆனால், அங்கே அது பல வண்டிகளில் ஒன்று. வீட்டிலேயே யாருக்காவது கொடுக்கலாம். அவர்களுக்கு ஆசை இல்லையென்றால் அன்பளிப்பும் சுமைதான். கடைசி வழி, மலையில் ஓட்ட ஆசைப்படும் ஓர் இளைஞரிடம் குறைந்த விலைக்கோ சும்மாவோ கொடுத்துவிடுவது. வண்டி மறுபடி புழுதி பார்க்கும். கீழே விழும், கீறல் படும், ஒருநாள் உடைந்தும் போகலாம். அதைத் தாங்கிக்கொள்ளும் மனசு இருந்தால் இதுவும் நல்ல வழிதான். 1970-களில் ஷ்வின் வண்டிகளுக்கு நடந்தது இதுதானே?

எந்த வழியில் போனாலும் சில விஷயங்களைச் செய்துவிட்டுக் கொடுப்பது நல்லது. பழைய பொருள் எதற்கும் பொருந்தும் என்பதால் இங்கே வரிசைப்படுத்தலாம்.

முதலாவது, பெயின்ட் அடித்துப் புதிதாக்க வேண்டாம். பழைய பெயின்ட், பழைய ஸ்டிக்கர், பழைய கீறல் இவைதான் வண்டியின் ஜாதகம். ஒருமுறை சுரண்டிவிட்டால் திரும்ப வராது. ஈரத்துணியால் துடைத்து, துருவைத் தடுத்தால் போதும்.

இரண்டாவது, ஃப்ரேம் நம்பரைக் குறித்து வையுங்கள். பெரும்பாலும் பெடல் அச்சு இருக்கும் இடத்துக்கு அடியில் பொறித்திருக்கும். அந்த எண்ணையும் செய்தவரின் பெயரையும் வாங்கிய வருடத்தையும் ஒரு தாளில் எழுதி வைத்தால் அடுத்தவருக்குப் பெரிய உதவி.

மூன்றாவது, கழற்றிய பாகங்களைத் தூக்கிப் போடாதீர்கள். முப்பது வருடங்களுக்கு முன் மாற்றிய பழைய பிரேக் ஒரு டப்பாவில் கிடக்கும். வண்டியோடு அந்த டப்பாவும் போக வேண்டும்.

நான்காவது, ரசீது, போட்டோ, போட்டி எண் அட்டை எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுங்கள். ரீபேக் போட்டிகளைப் பற்றி இன்று இவ்வளவு தெரிகிறதென்றால், வெண்டி கிராக் என்ற பெண்மணி அன்றைக்கே கேமராவோடு மலையேறிப் படமெடுத்ததும், சார்லி கெல்லி நேரத்தை எழுதி வைத்ததும் முக்கியக் காரணங்கள். வெண்டி வெறுமனே படமெடுத்தவர் அல்ல. அதே சரிவில் போட்டி போட்டு இறங்கியவரும்கூட.

ஐந்தாவது, அந்த நசுங்கலின் கதையைச் சொல்லிவிட்டுக் கொடுங்கள். ஃப்ரேம் நம்பரைப் படித்துக்கொள்ளலாம், கதையை யாராவது சொன்னால்தான் உண்டு.

போய்ப் பார்க்க ஆசையா?

சான்ஃபிரான்சிஸ்கோ பக்கம் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்கள் பாலத்தையும் மியூர் வுட்ஸ் காட்டையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவது வழக்கம். இன்னும் ஒரு நாள் ஒதுக்கினால் ஃபேர்ஃபாக்ஸையும் பார்த்துவிடலாம். பாலத்திலிருந்து காரில் அரைமணி, முக்கால் மணி நேரம். சர் ஃபிரான்சிஸ் டிரேக் சாலையிலேயே அருங்காட்சியகம் இருக்கிறது. வாரம் முழுக்கத் திறந்திருக்காது. கிளம்பும் முன் நாளும் நேரமும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

ரீபேக் சரிவைப் பார்க்க சைக்கிள் ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. ஊரிலிருந்து காஸ்கேட் பள்ளத்தாக்குப் பக்கம் போய், கீழிருந்து நடந்தே ஏறலாம். ஓக், பே லாரல் மரங்களின் நிழல் கொஞ்ச தூரம் கூட வரும். பிறகு வெட்டவெளி ஏற்றம். தண்ணீர் பாட்டில் அவசியம். பாதையோரம் மூன்று மூன்று இலைகளாகப் பளபளவென்று நிற்கும் செடியைத் தொட்டுவிடாதீர்கள். அது பாய்சன் ஓக். உடம்பெல்லாம் அரிப்பெடுத்துவிடும். மேலிருந்து சைக்கிள் வரும் சத்தம் கேட்டால் ஓரமாக நின்றுகொள்ளுங்கள்.

ஏறும் வழியில் 'கேமரா கார்னர்' என்ற வளைவு வரும். அந்தக் காலத்தில் போட்டோ எடுப்பவர்கள் கூடி நின்ற இடம். வண்டிகள் சறுக்கித் திரும்பும் என்பதால் நல்ல படம் கிடைக்கும், நிறைய பேர் விழுந்ததும் இங்கேதான். இப்போது அங்கே போர்டு எதுவும் தேவையில்லை. வார இறுதியில் கொஞ்ச நேரம் நின்றால் யாராவது ஒருவர் புழுதி கிளப்பிக்கொண்டு அந்த வளைவில் திரும்புவார். வண்டி அநேகமாகப் புதிதாக இருக்கும். எப்போதாவது ஒன்று பழசாக, ஷாக் அப்சார்பர் இல்லாமல், கடகடவென்று வரும். ஓட்டுகிறவருக்கு இருபது வயதுதான் இருக்கும். அவருக்கு அதை யார் கொடுத்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள். நின்று சொல்லிவிட்டுத்தான் போவார்.